கூரை உயர்ந்த கார்

நான் ஊர்காவற்றுறையில் வாத்தியாராக இருந்த காலத்தில், ஒரு புகையிலை வியாபாரி சீமையிலிருந்து விலைகூடிய கார் ஒன்று எடுப்பித்தார். அடிச்சட்டமும் எஞ்சினும்தான் கப்பலில் வந்தன. மேற்கூட்டைத் தன் விருப்பப்படி கொழும்பில் கட்டுவித்தார். கூரை அளவுக்கு மிஞ்சிய உயரம். பின்கதவு வீட்டுக் கதவளவு. ஊர்ச்சனம் காசுத் திமிர் என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் அல்லைப்பிட்டி வீதியில் மழையில் நனைந்தபடி நடந்துகொண்டிருந்தேன். அந்தக் கார் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறுங்கோ வாத்தியார்," என்றார் வியாபாரி.

முன்னால் ஏறித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஆசனமே இல்லை. சில்லுப் பூட்டி உருட்டுகிற கதிரையில் அவருடைய மனைவி இருந்தா. கதிரையோடு ஏற்றி இறக்கத்தான் அந்தக் கதவு. தலை தட்டாமலிருக்கத்தான் அந்தக் கூரை.

"பிள்ளைப்பேறோடை கால் வழங்காமல் போச்சு," என்றா அவ. "ஆக்கள் தூக்கிக்கொண்டு போறது எனக்கு வெக்கம். அதாலை வீட்டுக்குள்ளேயே கிடந்தனான்."

"இப்ப எங்கை போறியள்?"

"மழைக்குள்ளை கடல் பாக்க வேணுமாம்," என்றார் வியாபாரி, கொஞ்சம் கூச்சத்தோடு.

துறைமுகத்தில் நான் இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டேன். சாரல் முகத்தில் அடித்தது. அவ கண்ணை மூடாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தா. அவர் அவவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்குக் கலியாணம் ஆகியிருக்கவில்லை. ஒரு மனுசன் மனைவியை இப்படியும் நேசிக்கலாம் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.