கையால மூடுங்க!

இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்கழி மாதம். செந்துறையிலிருந்து அரியலூர் போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால், சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்ட பழைய குழி ஒன்று இருக்கிறது. சுற்றிலும் செங்குத்தான வெள்ளைச் சுவர், நடுவில் பச்சைத் தண்ணீர். எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. ஆடு மேய்க்கிறவர்கள்கூட ஆட்டை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். "அந்தக் குழி ஆளைக் கூப்புடுமாம், போவாதீங்க" என்று என் மனைவி சொல்வாள். "கூப்புட்டா என்னன்னு கேட்டுட்டு வரேன்" என்று கிண்டல் பண்ணுவேன். அந்த வாய்க்கொழுப்புக்கு அன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். இருபது வருடமாகச் செப்புக் கம்பியோடுதான் பிழைப்பு. சுற்றுகிற வேலையில் எனக்கு எவனும் பாடம் எடுக்க முடியாது என்ற திமிர் உண்டு. அதனால்தான் திருச்சியில் தூண்டில் ரீலும் அதில் ஏற்றுகிற நைலான் நரம்பும் வாங்கியபோது கடைக்காரர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "நரம்பு உருளையைத் தரையில படுக்கப் போட்டு ஏத்துங்க சார். முறுக்கு விழுந்தா உருளையைத் திருப்பிப் போடுங்க" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் செப்புக் கம்பி உருளையை மாட்டுகிற மாதிரியே நரம்பு உருளையையும் ஒரு இரும்புக் கம்பியில் மாட்டி, அது பாட்டுக்கு உருள உருள ரீலில் ஏற்றினேன். பார்க்க அவ்வளவு நேர்த்தியாக இருந்தது.

அங்கேதான் கோட்டைவிட்டேன். நான் காயில் கட்டும்போது அச்சே சுழலும், அதனால் கம்பி முறுக்காமல் நேராக வந்து படியும். இந்த ரீலில் நரம்பு படிகிற பாகம் சுழலாது. ஒரு வளையக் கம்பிதான் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி நரம்பைப் படிய வைக்கும். உருள்கிற உருளையிலிருந்து ஏற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஒரு முறுக்கு ஏறும். கொஞ்சம் யோசித்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். திமிர் பிடித்தவன் எங்கே யோசிப்பான்?

அந்த ரீலோடு குழிக்குப் போனபோது விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பனி தண்ணீரின் மேல் வெள்ளை வேட்டியை விரித்த மாதிரி கிடந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. ஒரு காக்கா சத்தம்கூட இல்லை. நான் வெட்டுச் சுவரின் மேல் நின்று, மீனை ஏய்க்க மின்னுகிற தகடு கட்டிய தூண்டிலை வீசினேன். தகடு விழுந்ததும் கைப்பிடியைச் சுற்றினால் வீசுவதற்காகத் திறந்து வைத்த வளையக் கம்பி 'டக்' என்று தானாக மூடிக்கொள்ளும். நாலைந்து தடவை வீசியிருப்பேன். அப்போதுதான் கவனித்தேன். காற்றே இல்லை. ஆனாலும் தொய்ந்து கிடந்த நரம்பு தானாக அசைந்து அசைந்து சுருண்டது. ஒரு சுருள் விழுந்து, அதன் மேல் இன்னொன்று ஏறியது. உயிருள்ள ஏதோ ஒன்றைக் கையில் பிடித்திருக்கிற மாதிரி எனக்கு அருவருப்பாக இருந்தது.

"கையால மூடுங்க."

காதுக்குப் பக்கத்தில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"கைப்புடியச் சுத்தி மூடாதீங்க. கையால மூடுங்க. முறுக்கிக்கும்."

அவசரமில்லாத குரல். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. பனிக்குள் நான் எதை எப்படி மூடுகிறேன் என்று யாருக்குத் தெரியும்? "யாருய்யா அது?" என்று கத்தினேன். 'அது... அது...' என்று சுவர்கள்தான் திருப்பிச் சொல்லின. எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும். எனக்கே பாடம் எடுக்கிறானா என்று வேண்டுமென்றே இன்னொரு தடவை வீசி, கைப்பிடியைச் சுற்றி 'டக்' என்று மூடினேன். ஒரு பெருமூச்சு கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு மீன் கடித்தது. நல்ல கனம். மீன் இழுக்க இழுக்க ரீல் 'கர்ர்ர்' என்று அலறிக்கொண்டு நரம்பை விட்டுக்கொடுத்தது. நானோ விடாமல் எதிர்த்துச் சுற்றினேன். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போகும்போது கைப்பிடியைச் சுற்றினால் நரம்பு ரீலில் ஏறாது, முறுக்குத்தான் ஏறும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். மீன் கழன்றுகொண்டது. தகடு கீழே சுவரோரம் இருந்த சீமைக்கருவேலப் புதரில் போய் மாட்டியது. நரம்பு தொய்ந்ததுதான் தாமதம், ரீலிலிருந்து சுருள் சுருளாக எகிறி ஒரு குருவிக்கூடு அளவுக்குச் சிக்கிக்கொண்டது.

வந்த ஆத்திரத்தில் தூண்டில் ராடை உடைத்துப் போட்டிருப்பேன். புதுத் தகடாச்சே, விட மனசில்லை. எனக்குக் கீழே ஒரு ஆள் உயரத்தில், பாறை ஒரு படி மாதிரி தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் இறங்கி நின்றால் ராடு முனையால் புதரை எட்டிவிடலாம். பனி அங்கங்கே கிழிய ஆரம்பித்திருந்தது. உட்கார்ந்து, ஒரு காலைக் கீழே விட்டேன்.

"அண்ணே! கால வெக்காதீங்க! அண்ணே! அதுக்கு அடியில ஒண்ணுமில்ல!"

இது எதிர்க்கரையிலிருந்து, தொண்டை கிழிய வந்த அலறல். என் கால் அந்தரத்தில் நின்றுவிட்டது. "உக்காந்தாப்புலயே பின்னால போங்கண்ணே! எந்திரிக்காதீங்க!" ஏன் எதற்கு என்று கேட்காமல், இடுப்பால் தேய்த்துக்கொண்டே பின்னால் போனேன். என் காலில் இடறிய ஒரு கல் அந்தப் படியில் விழுந்து, உருண்டு, மறைந்தது. தண்ணீரில் விழுந்த சத்தம் வருவதற்குள் எனக்கு மூச்சே நின்றுபோனது.

குழியைச் சுற்றி நடந்து எதிர்க்கரைக்குப் போக அரை மணி நேரம் ஆனது. அதற்குள் பனி முழுக்க விலகியிருந்தது. அங்கே என்னைவிடப் பத்து வயது சின்னவர் ஒருவர், தலையில் துண்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு அரிவாள் கிடந்தது. அவர் எதிர்ச் சுவரைக் கை நீட்டிக் காட்டினார். நான் இறங்கவிருந்த படி அங்கிருந்து தெளிவாகத் தெரிந்தது. நாக்கை நீட்டின மாதிரி ஒரு மெல்லிய பாறை. அடியில் முழுக்கக் குடைந்து, ஒரு லாரியையே நிறுத்தலாம் போல வெறும் பொந்து. மேலே நிற்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது.

"மூணு வருசம் முன்னாடி எங்கண்ணன் அதுலதாண்ணே எறங்குனான். இதே மாதிரி நரம்பு சிக்கிக்கிச்சு, தூண்டி புதர்ல மாட்டிக்கிச்சு. பாதிப் பாறை அவனோடவே விழுந்துடுச்சு. நான் இங்கதான் நின்னேன். அடியில பொந்தா இருக்கறது எனக்குத் தெரிஞ்சுது. ஆனா வாய் வரலண்ணே. கத்தணும்னு நெனைக்கறேன், வாயே வரல" என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மொதல்லயே கையால மூடச் சொன்னீங்களே தம்பி, நான்தான் கேக்கல, மன்னிச்சுக்குங்க" என்றேன்.

அவர் துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் எங்கண்ணே சொன்னேன்? அந்தாண்ட முந்திரிக் காட்டுல செடி வெட்டிட்டிருந்தேன். ரீலு கத்தற சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தேன். எனக்கு மீன் புடிக்கவே தெரியாது." பிறகு குரல் தாழ்ந்து போனது. "கையால மூடணும்னு எங்கண்ணன்தான் வூட்ல எப்பவும் சொல்லிட்டுக் கெடப்பான்."

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர்ப் பக்கமே பார்க்கவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சாலை வரைக்கும் வந்தோம்.

அந்த முதல் குரல் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திருச்சிக் கடைக்காரர் இதையும் சேர்த்துச் சொல்லி, நான் கேட்காமல் விட்டது மூளைக்குள் எங்கேயோ கிடந்து ஒலித்ததோ என்னவோ. பனிக்குள் இன்னொருவர் இருந்திருக்கலாம். என் மனைவியிடம் சொன்னபோது அவள் வாதம் பண்ணவே இல்லை. மறுநாளே பேர் தெரியாத அந்த அண்ணனுக்காக ஒரு விளக்கேற்றி வைத்தாள்.

அந்த நரம்பை அறுத்துப் போட்டுவிட்டு, புது உருளையைத் தரையில் படுக்கப் போட்டு ஏற்றினேன். நாலு சுற்று சுற்றித் தொய்யவிட்டுப் பார்த்தேன். சுருண்டது. உருளையைத் திருப்பிப் போட்டதும் நேராகக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போதெல்லாம் ஏரிக்கரையில் மட்டும்தான் மீன் பிடிக்கிறேன். கைப்பிடியைச் சுற்றி 'டக்' என்று மூடுகிற யாரைப் பார்த்தாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, பக்கத்தில் போய்ச் சொல்லிவிடுகிறேன். சிலர் முறைப்பார்கள். நான் முறைக்காத முறைப்பா?

ஒவ்வொரு தடவை வீசிவிட்டு வளையக் கம்பியைக் கையால் மூடும்போதும் எனக்குள் ஒன்று தோன்றும்: அந்தத் தம்பிக்கு வாய் வந்த அன்றைக்குத்தான், எனக்கும் காது வந்தது.