ஆமாம் மேடம், கரெக்ட் மேடம்

போன ஞாயிற்றுக்கிழமை, தி.நகரில் வாங்கிய ஒரு கம்பளி கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் மறுத்துவிட்டார். சென்னை வெயிலில் கோட் விற்றதே பெரிய விஷயம், திரும்ப வாங்குவாரா?

கோட் என் அண்ணன் மகள் நித்யாவுக்கு. அடையாறு கடலில் கலக்கும் இடத்துச் சேற்றில் பிளாஸ்டிக் எவ்வளவு என்று பிஎச்.டி. செய்கிறாள். ஐரோப்பாவில் ஒரு பேராசிரியையிடம் ஆறு மாதம் ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. விடுவோமா? இன்டர்நேஷனல் லெவலுக்கு அவளைத் தயார் செய்யக் குடும்பமே களத்தில் இறங்கியது. உச்சரிப்பு வகுப்பு, முள்கரண்டிப் பயிற்சி, என் பங்குக்கு இந்தக் கோட்...

வீடியோ காலில் இன்டர்வியூ. பக்கத்திலேயே அவளுடைய கைடு. அடையாறு வருஷம் முழுக்கக் கடலில் கலக்கிறது என்று வைத்துக்கொண்டு பேராசிரியை ஒரு கணக்கை விளக்கியிருக்கிறார். கைடு சாரும் தலையாட்டியிருக்கிறார். ஆனால் கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும் — அந்த மணலில் நடந்து அக்கரைக்கே போனவள் நித்யா!

"நீ என்ன நினைக்கிறாய்?" என்று பேராசிரியை திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

"ஆமாம் மேடம், கரெக்ட் மேடம்."

வாய்ப்பு வேறொரு மாணவனுக்குப் போய்விட்டது. அவன் அந்தப் பேராசிரியை சொன்னதை மறுத்துச் சண்டையே போட்டானாம். அதுதான் அவருக்குப் பிடித்ததாம்.

ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் பொங்கிவிட்டார்.

"தெரிஞ்சத சொல்றதுக்கு இன்னாம்மா? வாய்ல கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்த?"

"சாரே சரின்னுட்டார்ப்பா. அவர் முன்னாடி நான் எப்படி இல்லன்னு சொல்றது?"

அண்ணன் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். பெரியவர்களை எதிர்த்துப் பேசாத பெண் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவர் அவர்தானே?

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அந்தச் சேற்றில் முழங்கால் வரை நின்றவள் சொல்லாமல், அடையாற்றைப் பற்றி உலகத்துக்கு வேறு யார் சொல்வது? உச்சரிப்பு வரை சொல்லிக் கொடுத்தோம். 'இல்லை மேடம்' என்று சொல்லத்தான் யாருமே பழக்கவில்லை.

திரும்பி வந்த கோட்டை நேற்று நித்யாவுக்குப் போட்டுப் பார்த்தேன். கை ரொம்ப நீளம். விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை.

"ஊட்டிக்குப் போனா போட்டுக்கலாம். அளவு சரியா இருக்குல்ல?" என்றேன்.

"கரெக்ட் அத்தை."