பாட்டனி சாருக்குப் பக்கத்து சீட்

இன்று அரிமளம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் எங்கள் கல்லூரி பாட்டனி சார்!

அந்தக் காலத்தில் கெமிஸ்ட்ரி சார் பேசினாலே அமிலம் தெறிக்கும். பிசிக்ஸ் சார் சிரித்து இந்தப் பூமி பார்த்ததில்லை. இவர் தங்கம். பெயர் மனதில் நிற்காது என்பதால் பையன்களுக்கெல்லாம் செடிப் பெயர் வைத்துவிடுவார். நான் படித்தது ஒரே வருஷம்தான், ஆனால் கல்லூரியே என் கையில் இருந்தது. எனக்கு வைத்த பெயர் ஆலமரம். (நெருஞ்சி என்று சொல்லும் பொறாமைக்காரர்கள் ஒதுங்கிக்கொள்ளவும்.)

"சார், என்னையத் தெரியுதுங்களா?"

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தவர், என் தோளைத் தட்டினார். "அடேய், பிரண்டை! எங்கிட்டுடா போயிருந்த இத்தனை வருஷமா?"

பிரண்டை வேறு யாரோ.

ஆனால் என் தோளை ஒருவர் இப்படித் தட்டி எவ்வளவோ நாளாகிவிட்டது. "இங்கிட்டுத்தான் சார் இருக்கேன்" என்றேன்.

"பிள்ளைங்க ரெண்டும் வெளிநாட்டுல. நான் மட்டுந்தான் வீட்டுல. ஞாயித்துக்கெழம வாடா, காபி போட்டுத் தாரேன்."

"கட்டாயம் வாரேன் சார்."

இறங்கும்வரை அவர் என் கையை விடவில்லை. நானும் இழுக்கவில்லை.

அசல் பிரண்டை யாரென்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அவரைத் திங்கட்கிழமை போகச் சொல்ல வேண்டும். ஞாயிறு நான் போகிறேன்.