வீட்டுக்கு ஒரு வாய்

பெண்கள் அடுக்களையை விட்டு வெளியே வர வேண்டும் என்று போளூர் மேடையில் முழங்கி நான் வென்ற முதல் பரிசு ஓர் எவர்சில்வர் குண்டான். கைதட்டல் அடங்குவதற்குள் அதை என் கையில் கொடுத்துவிட்டார்கள். பதினோராம் வகுப்பு மாணவியாகிய எனக்கு அதில் குறை ஒன்றும் தோன்றவில்லை. பாதிப் பேச்சில் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது; அதன் பின்பும் கடைசி வரிசைவரை என் குரல் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெருமைக்கு முன்னால் குண்டான் எம்மாத்திரம்? இன்று கல்லூரி மேடைகளில் கோப்பைகள் வாங்குகிறேன். ஆயினும் மிகவும் பயன்பட்ட பரிசு எது என்று கேட்டால் அந்தக் குண்டானைத்தான் சொல்வேன்.

பொங்கல் விடுமுறைக்கு அதைச் சுமந்துகொண்டு மலையேறினேன். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து எங்கள் ஊருக்கு நடந்துதான் போக வேண்டும். சாமை அறுத்த கொல்லைகள் வெளுத்துக் கிடந்தன. புளிய மரங்களில் காய்கள் பழுப்பேறத் தொடங்கியிருந்தன. ஊருக்குள் நுழைந்ததும் நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை என் அப்பாவின் தங்கை. முந்தைய மழைக்காலத்தில் கணவரை இழந்தவள். இரண்டு பெண் பிள்ளைகளோடு தனியாக இருந்தாள். குண்டானை வாங்கி, விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள்.

"பேசினதுக்கா இத குடுத்தாங்க? நான் கொல்லையில கத்துற கத்துக்கு அண்டாவே குடுக்கணும்டி."

அவள் சொன்னது மிகையன்று. கதிர் முற்றும் காலத்தில் பரண்மேல் நின்று கிளிகளையும் குரங்குகளையும் விரட்டுவது எங்கள் ஊரில் பெண்கள் வேலை. அத்தை ஒரு குரல் கொடுத்தால் எதிர்ச்சரிவில் மேய்கிற மாடு தலை தூக்கிப் பார்க்கும். ஆனால் அன்று சிரித்த கையோடு அவள் முகம் வாடிவிட்டது.

"மரம் பிரிக்கிற நாளு வருதுல்ல" என்றாள்.

எங்கள் ஊர்ப் பொதுவில் நின்ற புளிய மரங்களைத் தை மாதத்தில் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்த ஆண்டுப் பழம் அந்தந்த வீட்டுக்கு. உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை தட்டிச் செங்கம் சந்தைக்குக் கொண்டுபோனால் உப்பும் துணியும் வீடு வந்து சேரும். பிரிக்கும் நாளில், வீட்டுக்கு ஒரு வாய் என்பது வழக்கம். ஊர்க்கவுண்டர் ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆண் எழுந்து, "எங்க வூட்டுக்கு ஒரு மரம்" என்று கேட்பார். எவர் வாய் கேட்டதோ அவர் வீட்டுக்கே மரம். கேளாத வீட்டுக்கு மரமில்லை. மரமில்லாத வீட்டை ஊர் ஒரு வீடாகவே எண்ணுவதில்லை. அந்த வீட்டு அடுப்பு அணைந்துவிடும். அங்கே இருந்தவர்கள் உறவினர் வீட்டில் ஒண்டிக்கொள்வார்கள்.

அத்தை வீட்டில் கேட்பதற்கு ஆணில்லை. அப்பா கேட்கலாம், கேட்டால் மரம் அப்பாவின் வீட்டைச் சேரும். அப்பா அதைத்தான் நல்ல முடிவென்று நம்பினார். அன்று மாலை அம்மாவையும் அழைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு வந்தார்.

"எதுக்கும்மா தனியா கஷ்டப்படுற? நம்ம வூட்டுக்கே வந்துடு. ஒரே அடுப்புல பொங்கித் தின்னலாம்."

அவர் குரலில் பாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அத்தைக்கும் அது தெரியும்.

"வந்தா இன்னா ஆவேன் அண்ணா? இன்னிக்கி இன்னா கொழம்புன்னு தெனம் அண்ணிய கேட்டுக்கினு நிக்கணும். இங்கன்னா நான் வெக்கிறதுதான் கொழம்பு."

"நான் மட்டும் இன்னா, என் இஷ்டத்துக்கா வெக்கிறேன்?" என்றாள் அம்மா. "உங்க அண்ணன கேட்டுட்டுத்தான் புளியே கரைக்கிறேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவர்கள் போன பின் நான் சொன்னேன்: "அத்தே, நீயே கேளு."

"பொம்பள வாயில கேக்கற வழக்கம் இல்லியேடி."

"கேட்டவங்களுக்குத்தானே மரம்? நான் கேட்டா அது எங்க அப்பா வூட்டுக்குப் போய்டும். நீ கேட்டாத்தான் உன் வூட்டுக்கு."

அத்தை அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். பிறகு, "எப்படிக் கேக்கறதுன்னு சொல்லிக்குடு" என்றாள். என் வாழ்நாளில் எந்த நடுவரும் எனக்கு அளிக்காத மதிப்பெண் அது.

மறுநாள் காலை அவள் கொல்லையில் பயிற்சி தொடங்கிற்று. அத்தை பரண்மேல் நின்றாள். நான் கீழே அவையாக அமர்ந்தேன். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. ஆகையால் வாக்கியம் வாக்கியமாகச் சொன்னேன். உரை செம்மையாகவே அமைந்திருந்தது. முதலில் அவையடக்கம், அடுத்துப் பெண்ணின் பெருமை, மூன்றாவதாக வாதம், நிறைவாக வேண்டுகோள். வாதத்தின் உச்சியில், "கொடுக்கும்போது வீடு, கேட்கும்போது வீடில்லை என்பது எந்த ஊர் நீதி?" என்றொரு வரி வைத்திருந்தேன். அதைச் சொல்லும்போது வலக்கையை உயர்த்த வேண்டும் என்றும் கற்பித்தேன்.

"பெருமதிப்பிற்குரிய ஊர்த்தலைவர் அவர்களே…" என்று தொடங்கிய அத்தை பாதியில் நிறுத்தினாள். "எங்க மாமாவ பாத்து இப்படிக் கூப்ட்டா, எனக்கு இன்னாவோ ஆய்ட்ச்சின்னு வைத்தியர கூப்பிடுவாருடி!"

அவள் பிள்ளைகள் இருவரும் பரணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஊர்க்கவுண்டர் அத்தைக்கு மாமனார் முறை. அவரைக் கண்டால் சத்தமில்லாமல் ஒதுங்கி நிற்பதே அவளுக்குப் பழக்கம். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவையடக்கம் இல்லாத பேச்சு வாசற்படி இல்லாத வீடு என்றேன். அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

மரம் பிரிக்கும் நாளும் வந்தது. கோயிலுக்கு எதிரே வட்டமாகப் பதித்த கற்களுக்கு உள்ளே ஆண்கள் கம்பளி போர்த்தி அமர்ந்தார்கள். கற்களுக்கு வெளியே பெண்கள் நின்றோம். நான் அத்தையின் தோளை ஒட்டி நின்றேன். வீடுகள் ஒவ்வொன்றாக அழைக்கப்பட்டன. ஒவ்வொருவராக எழுந்து கேட்டார்கள். அத்தை வீட்டின் முறை வந்ததும் கவுண்டர் நிறுத்தி, அப்பாவைப் பார்த்தார்.

அப்பா எழத் தொடங்கினார். அவர் வாய் திறந்தால் அத்தையின் அடுப்பு அணைந்தது என்று பொருள். அந்தக் கணத்தில், கல்வரிசைக்கு வெளியிலிருந்து ஒரு கை நீண்டு அவர் கம்பளியைப் பற்றி இழுத்தது. அம்மாவின் கை.

"குந்துங்க!"

அப்பா பொத்தென்று உட்கார்ந்தார்.

"மாமா, என் வூட்டுக்கு ஒரு மரம்" என்றாள் அத்தை.

எல்லாத் தலைகளும் திரும்பின. முன்னால் இருந்த கிழவர் ஒருவர், "யாரு வாய் அது?" என்றார்.

"என் வாய்தான் சித்தப்பா. இரவல் வாங்கியாரல."

சிரிப்பு எழுந்தது. கவுண்டர் சிரிக்கவில்லை. "பொம்பள கேக்கற வழக்கம் இல்லம்மா. உங்க அண்ணன் கேக்கட்டும்."

அத்தை பழக்கத்தில் ஓர் அடி பின்னால் ஒதுங்கினாள். "பெருமதிப்பிற்குரிய" என்று காதில் எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், கவுண்டரைப் பார்த்தாள், அவையடக்கத்தையும் பெண்ணின் பெருமையையும் ஒரே தாண்டாகத் தாண்டினாள்.

"கார்த்திகையில திருவிழாவுக்கு வூட்டுக்கு ஒரு படி சாமை வாங்கினீங்களே மாமா, என் வூட்டுல வாங்கினீங்களா இல்லியா?"

"வாங்கினோம்."

"அப்ப அது வூடா இருந்துச்சி. இப்ப மரம் குடுக்கறப்ப மட்டும் இன்னா, வூடு எழுந்து ஓடிட்ச்சா?"

பரண்மேல் ஒலிக்கும் அதே குரல். எதிர்ச்சரிவு அதைத் திருப்பிச் சொல்லிற்று. என் வரிதான் அது. மலை வழக்கில், என்னுடையதைவிடக் குறுகி, கூர்மையாகி வந்து விழுந்தது. வலக்கையும் தானாகவே உயர்ந்திருந்தது.

"மெதுவா பேசு அண்ணி, கிளியெல்லாம் செங்கத்துக்குப் பறந்துடப் போவுது" என்றான் ஓர் இளைஞன். "சரி, மரம் குடுத்தா ஏறுறது யாரு? பொம்பள ஏறுவாளா?"

"மாமா மரத்துல மாமாவா ஏறுறாரு? பழத்துல பங்கு குடுத்து ஆள ஏத்தறாரு. எனக்கும் ஆளு வரும். இவ்ளோ அக்கறையா கேக்கறியே, நீயே வாயேன்."

இப்போது கவுண்டரும் சிரித்துவிட்டார். "என் முட்டிய எதுக்கும்மா வம்புக்கு இழுக்கற?" என்று காலைத் தடவிக்கொண்டார். பிறகு அவையைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு வூட்டுல சாமை வாங்கினது நெசந்தான். வூடு இல்லன்னா வாங்கினத திருப்பிக் குடுக்கணும். இன்னா சொல்றீங்க?"

"எங்க குடுக்கறது? சோறாக்கித் தின்னாச்சே!" என்றது ஒரு குரல்.

"அப்ப மரந்தான் குடுக்கணும்" என்றார் கவுண்டர். ஓடைப்பக்கம் நிற்கும் மரத்தைச் சொன்னார். செவ்வெறும்பு மொய்க்கும் மரம், எவரும் விரும்பாதது. "இந்த வருசத்துக்கு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சொல்லை மறுத்துரைக்க நான் மூச்சை இழுத்தேன். அத்தை என் கையைக் கிள்ளினாள்.

வீடு திரும்பும் வழியில் அவையடக்கத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டேன். "அத மொதல்லேர்ந்து சொல்லியிருந்தா அண்ணன் ரெண்டு வாட்டி எழுந்து மரத்த கேட்டிருப்பாருடி" என்றாள் அத்தை. இருப்பினும், அந்த ஒரு வரியில் அவள் கால் ஊன்றியதற்கு முன்னிரண்டு பகுதிகளே படிக்கட்டு என்பது என் வாதம். அதை எந்த மேடையிலும் நிறுவ நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

மரம் ஏற வந்தவன் அவையில் கேள்வி கேட்ட அதே இளைஞன்தான். எறும்பு கடித்து அவன் போட்ட கூச்சல் ஊர் முழுக்கக் கேட்டதாம். "நல்ல குரலு, அடுத்த வருசம் பரண்ல ஏத்தலாம்" என்று அத்தை சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த தையில் மரம் பிரித்தபோது கவுண்டர் அத்தை வீட்டைக் கூப்பிட்டுவிட்டு, அப்பாவைப் பார்க்காமல் நேரே கல்வரிசைக்கு வெளியே பார்த்தார். "இந்த வருசத்துக்கு" என்ற சொல்லை எவரும் நினைவூட்டவில்லை. அன்று அத்தைக்குப் பக்கத்தில், தன் வீட்டுக்காகக் கேட்க இன்னொரு பெண்ணும் நின்றிருந்தாள்.

ஆனால் என் நினைவில் முன்னால் வந்து நிற்பது அந்த முதல் ஆண்டின் கோடை விடுமுறைதான். புதுப்புளி சந்தைக்குப் போய் வந்தபின் அத்தை எங்கள் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். அப்பா கால் கழுவிக்கொண்டு, தங்கை வீட்டு விருந்தாளியாகப் பாயில் அமர்ந்தார். சாமைச் சோறு ஆவி பறந்தது. அடுப்பின்மேல், நான் அவளுக்கே விட்டுச்சென்ற பரிசுக் குண்டான் அடி கறுத்து, கொதித்துக்கொண்டிருந்தது.

அம்மா எட்டிப் பார்த்து, "இன்னிக்கி இன்னா கொழம்பு?" என்று கேட்டாள்.

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குந்து அண்ணி, எலையில ஊத்தறப்ப தெரியும்."