இடமா, வலமா

பூனைக்கு வெளியே போகப் பழக்குகிறேன் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். என் அலுவலகத்தில் சிரித்தார்கள். "அடுத்து மீனுக்கு நீச்சலா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். அவர் என் பூனையைப் பார்த்ததில்லை. கண் விழிக்காத குட்டியாக இருந்தபோது என் கணவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சென்னையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து அது மண்ணை மிதித்ததே இல்லை. பல்லியைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மற்ற நேரமெல்லாம் பீரோவின் மேல் படுத்து எங்கள் இருவரையும் நிர்வாகம் செய்துகொண்டிருந்தது. அவர் காலமான பிறகு என்னை மட்டும் நிர்வாகம் செய்தது.

பதவி உயர்வு கொடுத்து என்னைக் கள்ளக்குறிச்சிக்கு மாற்றினார்கள். வாடகை கொஞ்சம் குறைவு என்பதால் தியாகதுருகத்தில் வீடு பார்த்தேன். தரைத்தளம், தனி வீடு, பஸ்ஸுக்கு நடந்தே போய்விடலாம். வீட்டுக்காரம்மா உள்ளே தள்ளி அடுத்த வீட்டில் தன் மகளோடு இருந்தார். அவர் கணவர் ரிஷிவந்தியம் பக்கத்துக் கரும்புக் காட்டிலேயே பாதி நாள் தங்கிவிடுவார்.

"யார் யாரு இருப்பீங்க?" என்று கேட்டார்.

"நானும் ஒரு பூனையும்."

கொஞ்சம் யோசித்தார். "பூன அசைவமா?"

"ஆமாம்."

"நாங்களும்தான்" என்று சாவியைக் கொடுத்தார்.

தரைத்தளம்தான் வினையாகப் போயிற்று. மூன்றாம் மாடி ஜன்னலில் பூனைக்கு ஆகாயமும் தண்ணீர்த் தொட்டியும்தான் தெரியும். இங்கே ஜன்னலைத் திறந்தால் கோழி, அணில், ஓணான், சைக்கிள், சண்டை என்று எல்லாம் மூக்குக்கு நேரே போயின. வெளியே விடு என்று அழ ஆரம்பித்தது. கதவைத் திறந்தால் வாசற்படியைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடும். மூடினால் மறுபடி அழும். வீட்டுக்காரம்மா பொறுத்துப் பார்த்து, ஒருநாள் வந்தே விட்டார்.

"ராவெல்லாம் கொழந்த அழுவுற மாரி கீதுங்க மேடம். படிக்கிற பொண்ண வெச்சிக்கினு கீறேன். ஒண்ணு அத வெளிய பழக்குங்க. இல்லன்னா யாருக்குனா குடுத்துடுங்க."

அவர் மகள் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை எழுதிக் கிடைக்கவில்லை. கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் பூனையைக் கொடுப்பது என்பது என்னால் ஆகாத காரியம். அந்த வீட்டில் நான் பேசினால் திரும்பிப் பார்க்க வேறு யார் இருந்தார்கள்? எனவே பழக்குவது என்று முடிவு செய்தேன்.

சென்னையிலிருந்து ஒரு கழுத்துப்பட்டி வரவழைத்தேன். கழுத்தையும் வயிற்றையும் சேர்த்துக் கட்டுகிற வகை. கட்டியதும் பூனை பக்கவாட்டில் சாய்ந்து செத்துப்போனது. அதாவது, செத்துப்போனதாக முடிவு செய்துகொண்டது. தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தேன். அங்கேயும் அதே நிலை. களை எடுக்கப் போகிற ஒரு அம்மா நின்று பார்த்தார்.

"இன்னாங்க, பூனைக்கு ஒடம்பு சரியில்லயா?"

"இல்லம்மா, வாக்கிங் போகுது."

"படுத்துக்கினேவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் தெருமுனையைத் தாண்டியும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடுத்த முயற்சியில் நின்றது. அதற்கடுத்து, காலை மண்ணில் வைத்து, உதறி, மறுபடி வைத்து, சுத்தம் இல்லாத இடத்துக்குக் கூட்டி வந்துவிட்டாயே என்கிற மாதிரி என்னைப் பார்த்தது. குஞ்சுகளோடு வந்த ஒரு கோழி விரட்டியபோது என் புடவை வழியாகத் தோள்வரை ஏறிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தைரியம் வந்தது. எதிரே ஒரு காலி மனை இருந்தது. அதில் முளைத்த அருகம்புல்லைக் கடித்துப் பார்த்த நாளில் எனக்கு ஒரு கர்வம் வந்தது. பிள்ளை பெறாதவள் நான். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. ராத்திரி அழுகையும் நின்றுவிட்டது.

ஒரு சிக்கல் போய் இன்னொன்று வந்தது. எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. என் வீடு அதன் வாயில், வெளியே போகிறவர்களுக்கு இடது பக்கம். காலி மனை வலது பக்கம். வேலைக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, பெண் பார்க்கவோ, அந்தச் சந்திலிருந்து யார் எங்கே கிளம்பினாலும் என் வீட்டுக்கும் காலி மனைக்கும் நடுவில்தான் போயாக வேண்டும். அந்த இடத்தில்தான் என் பூனை தினமும் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

முதலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பி வருவார்கள், பூனையைப் பார்ப்பார்கள், எதையோ மறந்தவர்கள் போல வீட்டுக்குத் திரும்புவார்கள். இந்தச் சந்தில் எல்லோருக்கும் மறதி ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரம்மாதான் விளக்கினார்.

"எடமிருந்து வலம் போனா ஒண்ணும் இல்லீங்க. வலமிருந்து எடம் வந்தாதான் ஆவாது."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்படியென்றால் பூனை வீட்டை விட்டு வெளியே போகலாம், திரும்பி வரக் கூடாது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடைசி வீட்டு டிராக்டர்காரர் குறுக்கிட்டார்.

"இன்னாம்மா தலகீழா சொல்ற? எங்க வூட்ல எடமிருந்து வலம் போனாதான் ஆவாதும்பாங்க."

அவர் கணக்குப்படி பூனை வரலாம், போகக் கூடாது. இருவரும் அரைமணி நேரம் வாதாடினார்கள். வடக்கே பார்த்து நின்றால் எது, தெற்கே பார்த்து நின்றால் எது, வண்டியில் போகிறவனுக்குச் சக்கரம் கணக்கா தலை கணக்கா என்றெல்லாம் விவரமாகப் போயிற்று. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் டிராக்டர்காரரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"மேடம் அத தூக்கிக்கினு போவட்டும். தூக்கிக்கினு போனா அது பூன குறுக்க போனதா ஆவாது. மேடம் குறுக்க போனதாதான் அர்த்தம்."

இதைச் சொல்லி முடித்ததும் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். வீட்டுக்காரம்மா தொண்டையைச் செருமிவிட்டு வானத்தைப் பார்த்தார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. நல்ல யோசனை என்று பாராட்டிவிட்டு, அன்றிலிருந்து பூனையைப் பல்லக்கில் ஏற்றிய மாதிரி தூக்கிக்கொண்டு போய், தூக்கிக்கொண்டு வந்தேன்.

புரிந்தது தேர்வுக்கு முதல்நாள் சாயங்காலம். வீட்டுக்காரம்மா ஒரு கிண்ணத்தில் மீன்குழம்போடு வந்தார். அதைக் கொடுத்துவிட்டும் போகவில்லை. புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றார்.

"நாளைக்கு காலைல பொண்ணு பரீட்சைக்கு போவுது. பூனைய உள்ளயே வெச்சிக்கோங்க மேடம்."

"சரிங்க."

"பொண்ணு கிளம்பசொல்ல... நீங்களும் கொஞ்சம் வெளிய வராம இருந்தீங்கன்னா..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. என் நெற்றியைப் பார்த்தார், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். இத்தனை நாள் காலையில் நான் கதவைத் திறக்கும்போது அவர் ஏன் தன் வாசலிலேயே நின்று செருப்பைத் தேடினார் என்பது அப்போதுதான் விளங்கிற்று. செருப்பு காலில்தான் இருந்திருக்கிறது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஒரு அலுவலகத்தையே அதட்டி வேலை வாங்குகிறவள் நான். என்னைப் பார்த்தால் பஸ் கவிழ்ந்துவிடுமா? கேள்வித்தாள் மாறிவிடுமா? மீன்குழம்பைக் கொட்டிவிடலாம் என்று நினைத்தேன். குழம்பு நன்றாக இருந்தது. பூனையும் நானும் சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகு கோபத்தோடு அழுகையும் வந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்காக உள்ளேயே இருப்பது என்று முடிவு செய்தேன். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மறுநாள் காலை பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். இத்தனை நாள் நான் கூட வந்தால் ஒழிய வாசல் தாண்டாத பூனை, என் காலுக்கு இடையில் புகுந்து, மகாராணி மாதிரி நடந்து போய், சந்தின் நட்டநடுவில் உட்கார்ந்து பின்னங்காலை நக்க ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்காரம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் கையில் ஹால் டிக்கெட் வைத்த பிளாஸ்டிக் உறை, நெற்றியில் விபூதி. பின்னால் டிராக்டர்காரர். மூவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

டிராக்டர்காரர் கையை ஓங்கினார். "தொரத்தாதய்யா!" என்று கத்தினார் வீட்டுக்காரம்மா. "எந்த பக்கம் ஓடும்னு தெரியாது!"

"ஒக்காந்துக்கினு கீதே, ஒக்காந்துக்கினு இருந்தா இன்னா சகுனம்?"

பூனை அடுத்த காலை நக்கத் தொடங்கியது.

அவர்களைக் கண்டதுமே நான் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் போய் நின்றிருந்தேன். பூனை வெளியே இருந்தால் ஒரு கெட்ட சகுனம். அதைத் தூக்க நான் போனால் இரண்டு. வேறு யார் கிட்டே போனாலும் அது ஓடும் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரம்மா என் ஜன்னலைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கடைசியில் தயங்கித் தயங்கி, "மேடம், நீங்க கொஞ்சம் வந்து..." என்றார்.

நல்லவளாக இருந்திருந்தால் உடனே போயிருப்பேன். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வரலாமாங்க?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரம்மா முகம் சுண்டிப்போயிற்று. பதில் சொன்னது மகள்தான்.

"ஆன்ட்டி, சீக்கிரம் வாங்க. பஸ்சு பூடும்."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதும். கதவை முழுசாகத் திறந்துகொண்டு போனேன். அவளுக்கு நேர் எதிரில்தான் போனேன். ஒதுங்க இடமும் இல்லை, எனக்கு மனசும் இல்லை. குனிந்து பூனையைத் தூக்கிக்கொண்டேன். அவள் தாண்டிப் போகும்போது நின்று, "போய்ட்டு வரேன் ஆன்ட்டி" என்றாள்.

"நல்லா எழுதிட்டு வாம்மா" என்றேன். அது அதட்டல் மாதிரி வந்தது. டிராக்டர்காரரும் தலையைக் குனிந்துகொண்டு கூடவே நழுவினார்.

வீட்டுக்காரம்மா தெருமுனையிலேயே நின்று, பஸ் போகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பி வந்தார். நான் உள்ளே போகவில்லை. காலி மனையில் கிடந்த ஒரு கருங்கல்லில் பூனையோடு உட்கார்ந்திருந்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. போவசொல்ல ஒங்க மொகத்ததான் பாத்துட்டு போயிருக்குது. வரசொல்லவும் நீங்களே எதிர்ல இருந்துடுங்க. அப்பதான் கணக்கு சரியாவும்."

நான் வாயைப் பிளந்தேன். "அவ வர மத்தியானம் ஆகுமே. வெயில் கொளுத்தும்."

"கொட எடுத்தாறேன்" என்று ஓடினார்.

எனக்குக் கோபம் தீரவில்லை. சிரிப்பும் வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் பெண் வரும்போது அவள் கண்ணில் நான் பட வேண்டும் என்று அதைவிட ஆசையாக இருந்தது. வீட்டுக்காரம்மா பெரிய கறுப்புக் குடையோடு வந்து, கல்லுக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டி அதை நட்டார். நான் நகர்ந்து உட்காருவதற்குள் நிழல் முழுவதையும் பூனை பிடித்துக்கொண்டது.