ஈசானி மூலைக்கு ஓடிய தையல்

திருச்செங்கோட்டுக்கு வெளியே, தோட்டத்துக்காரர் ஒருவரின் வீட்டில் நாங்கள் குடியேறியது ஒரு சித்திரை மாதம். முன்பக்கம் நாங்கள் இருக்க. பின்பக்கம் தகரக்கூரை போட்ட நீளமான அறை. அந்த அறைக்காகத்தான் என் மனைவி இந்த வீட்டைப் பிடித்தாள். பஞ்சு வைத்துப் போர்வை தைக்கும் பெரிய குயில்டிங் மிஷின் ஒன்றை, ஏற்றுமதிக் கம்பெனி கழித்துவிட்டதை, அவள் வாங்கியிருந்தாள். அதை வைக்க வேறு இடம் கிடைக்கவில்லை.

வீட்டுத் தையல் மிஷினில் துணி நகரும், ஊசி ஓரிடத்தில் நிற்கும். இதில் தலைகீழ். இரண்டு கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். அதன் உருளைகளில் மெத்தைவிரிப்பை இழுத்துக் கட்டிவிட்டால் துணி அசையாது. நீண்ட கை கொண்ட மிஷின்தான் தண்டவாளத்தில் உருண்டு துணியின் மேல் போய்வரும். சக்கரத்தோடு ஒரு சென்சார் உண்டு. மிஷினை நகர்த்தினால் ஊசி இறங்கும், நிறுத்தினால் நிற்கும்.

வைகாசி முழுக்க நூல் அறுந்தது. ஊசியைச் சற்றே திருப்பி மாட்டியிருந்தோம். ஆனியில் துணிக்கு அடியில் நூல் கூடு கட்டியது. அடிநூல் இருக்கும் பாபின் கேஸில் பஞ்சு அடைத்திருந்தது. பிறகு தையல் விட்டுவிட்டு விழ, சேலத்திலிருந்து மெக்கானிக் வந்து கொக்கியின் டைமிங்கைச் சரிசெய்தார். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எனக்கு அதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

ஆடியில் சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். இறந்துபோன தன் அம்மாவின் நூல்சேலைகளைப் பையில் கொண்டுவந்திருந்தார். வெளுத்துத் துவைத்து வெங்காயச் சருகாகிப்போன சேலைகள்.

"அம்மாவோட வருசத் திருப்பலிக்கு முன்னாடி ஒரு போர்வையா வேணும்க்கா. அவங்க துணின்னு எங்கிட்ட இருக்கறது இவ்வளவுதான்."

மனைவி அவற்றைச் சதுரங்களாக வெட்டி இணைத்து, பஞ்சு வைத்து, சட்டத்தில் ஏற்றினாள். அந்தத் துணியில் போட்ட தையலை ஒருமுறை பிரித்தால் துளை நிற்கும். அதே இடத்தில் மறுபடி பிரித்தால் கிழியும். அவள் அதைத் தொடும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்வது எனக்குத் தெரிந்தது.

ஒரு மதியம் மிஷினை அணைக்காமல் சாப்பிட வந்துவிட்டோம். சோற்றில் கை வைத்தபோது பின்னறையில் டக், டக் என்று சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக்.

"ஏனுங்க, உள்ள ஆருங்க?"

யாருமில்லை. கதவு சாத்தியபடியே இருந்தது. மிஷின் மட்டும், பக்கத்தில் ஆள் நின்று தள்ளுவதுபோல் மிக மெதுவாக, ஈசானி மூலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நீலச்சேலைச் சதுரத்தின் குறுக்கே நேர்க்கோடாக ஒரு தையல். சட்டத்தின் ஓரத்தில் முட்டியதும் நின்றது.

மறுபடி வந்த மெக்கானிக்குக்குச் சிரிப்பு.

"உங்களுக்குச் சிரமம் வேண்டான்னு அதே தைக்குதக்கா. சம்பளம் போட்டுக் குடுத்துருங்க."

சட்டத்தின் அந்த மூலைக்கால் தாழ்ந்திருந்தது. அடியில் ஒரு பிளைவுட் துண்டைச் செருகி, ரசமட்டம் வைத்துக் காட்டிவிட்டுப் போனார். ஆவணி பிறந்ததும் மிஷின் மறுபடி நகர்ந்தது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி நானே மட்டம் பிடித்தேன். அந்தக் கால் நிற்கும் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, பக்கத்தில் தேதியும் போட்டேன். அடுத்த குறி அதற்குக் கீழே விழுந்தது. அதற்கடுத்தது இன்னும் கீழே. சட்டக்காலுக்கு அடியில் பிளைவுட் அடுக்கு வளர்ந்துகொண்டே போனது.

மிஷினை அணைத்துவிட்டாலும் அது சத்தமில்லாமல் அந்த மூலைக்குப் போய் நின்றுகொள்ளும். மனைவி தைக்கும்போது ஸ்டூல் போட்டு உட்காருவதும் அங்கேதான்.

"மழைக்கு இருட்டிக்கிட்டு வந்தா, கால்கிட்ட ஆரோ ஊதறாப்புல சில்லுனு இருக்குதுங்க," என்றாள் ஒருநாள். நான் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். தகரம் கொதிக்கும் அறையில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே, தரை ஓரமாகக் குளிர்ந்த காற்று. கதவிடுக்கு என்று சொல்லிவைத்தேன். கதவு எதிர்ப்பக்கம் இருந்தது.

"செத்துப்போன அந்தம்மாளுக்கு இந்தச் சேலையெல்லாம் வெட்டுனது புடிக்கலீங்களோ என்னமோ," என்றாள்.

புரட்டாசியில் தோட்டத்துக்காரர் தேங்காய் போட ஆள் கூட்டிவந்தவர், தண்ணீர் கேட்டுப் பின்னறை வாசலில் நின்றார். பிளைவுட் அடுக்கைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"மிஷின அந்த மூலையிலயா போட்டீங்க, அம்மிணி?"

"ஏனுங்க, அங்க என்னங்க இருக்குது?"

"கெணறு."

மனைவி அவரையே பார்த்தாள். "ஆராச்சும் உழுந்துட்டாங்களா?"

"தண்ணியில்லாத கெணத்துல எவன் போயி உழுவான்? சுத்தியும் போரு போட்டாங்க, கெணறு செத்துப்போச்சு. மண்ணக் கொட்டி மூடி, மேல கல்லுப் பாவுனோம்."

கிணற்றை மூடினால் அது மூச்சுவிட ஒரு குழாய் வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். இவரும் அடியிலிருந்து குழாய் விட்டு, சுவருக்கு வெளியே எடுத்திருக்கிறார். மழைக்கு முன்னால் அது ஊளையிட்டதாம். முந்தைய குடித்தனக்காரர் பயந்து காலிசெய்துவிட, வாயில் மூடி போட்டு இறுக்கிவிட்டாராம்.

வெளியே போய், வாழைக்குப் பின்னால் இருந்த அந்தக் குழாயின் மூடியைத் திருகினார். உள்ளிருந்து நீண்ட பெருமூச்சு ஒன்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. அதோடு பஞ்சும் வந்தது; நீலத்திலும் சந்தன நிறத்திலும் மெல்லிய நூல்பிசிறுகள் எழும்பி வாழை இலையில் ஒட்டின.

மனைவி ஒன்றை விரலில் எடுத்தாள்.

"இது அந்தம்மா சேலையிங்க."

அவள் தைக்கும்போது கீழே உதிர்ந்த பிசிறு. தரையில் எங்கோ வழி இருந்தால்தான் அது கிணற்றுக்குள் இறங்கி, குழாய் வழியாக ஏறி வர முடியும். கொட்டிய மண் கீழே இறங்கிப்போயிருக்கிறது; அவள் ஸ்டூலுக்கு அடியில் மண் இல்லை. கல் மட்டும்தான் இருந்தது.

"உள்ள போவாதீங்க, சாமி," என்றார் தோட்டத்துப் பெரியவர். அவர் குரல் மாறியிருந்தது.

ஆனால் போர்வை உள்ளே, சட்டத்தில் இருந்தது. நான் மனைவியின் கையைப் பிடித்தேன். அவள் விடுவித்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ளைக்கு வேற இல்லீங்க."

எதிர்ச்சுவரை ஒட்டியே நடந்து, ஈசானி மூலைப் பக்கம் போகாமல், உருளையை இந்தப் பக்கமிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். துணி சரசரவென்று அவிழ்ந்து அவள் கைக்கு வந்தது. எடை குறைந்ததாலோ என்னவோ, மிஷின் மெல்ல அசைந்து மூலைக்குப் போய் நின்றது. அவள் போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் பெரியவர், போர் போடும் ரிக் வண்டிப் பட்டறையிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார். வாசலில் நின்றபடியே சங்கிலி போட்டுச் சட்டத்தை இழுத்தார்கள். மிஷினை முன்னறையில் வைத்து மட்டம் பார்த்தோம். நாங்கள் கட்டிலை மடித்துவிட்டுச் சமையலறையில் படுத்தோம்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, அவள் போர்வையின் கடைசி ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து, நிறைகுடத்தை யாரோ மெதுவாக இறக்கிவைத்த மாதிரி ஒரு சத்தம். போய்க் கதவைத் திறந்தேன். ஸ்டூல் இல்லை. அது இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். அதிலிருந்து குளிர்ந்த காற்று என் முகத்துக்கு வந்தது. சுவரில் என் பென்சில் குறிகள் மட்டும், ஒன்றின்கீழ் ஒன்றாக, அதற்குள் இறங்குவதுபோல் நின்றன.

திரும்பி வந்து சொன்னேன். அவள் மிஷினை அணைக்காமலேயே கைப்பிடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தாள். இங்கேயும் அது தானாக நகர்கிறதா என்று நாங்கள் இருவரும் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நிக்குதுங்க," என்றாள், வெகுநேரம் கழித்து.