பெரிய எண்

திரையின் மேலே தெரியும் எண்ணை அத்தான் முதலில் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு முறை சொல்வார். அப்புறம்தான் நோட்டில் எழுதுவார். ஜாவாவுக்கு ஒரு பக்கம், பைத்தானுக்கு ஒரு பக்கம், இன்னும் பதினோரு கணினி மொழிகளுக்குப் பதினோரு பக்கம். எட்டு மாதமாக, பல் தேய்ப்பதுபோல், ஒரு காலையும் தவறியதில்லை.

என் அக்காவின் கணவர். சரக்குக் கிடங்கு ஒன்றில் பதினாறு வருடம் ரசீது போட்டவர். கிடங்கை மூடிய அன்று வீட்டுக்கு வந்து, "இனிமே எவன்கிட்டயும் லீவு கேக்க மாட்டேன். வீட்டுல உக்காந்தே நாலு பேருக்கு புரோகிராம் எழுதிக் குடுக்கப் போறேன்" என்றார். எந்த மொழியைப் படிப்பது என்பது மட்டும்தான் பாக்கி.

அந்த வேலைகளுக்கென்றே இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. மொழியின் பெயரைத் தட்டினால் ஓர் எண் வரும். எண் பெரிதென்றால் வேலை அதிகம். அத்தானின் கணக்கு இவ்வளவுதான். "கூட்டம் இருக்கற கடையிலதாம்மா சரக்கு நல்லாருக்கும்" என்பார். எண் மாறினால் மொழியும் மாறும். எல்லாவற்றிலும் முதல் பாடம் முடித்துவிட்டார். பதின்மூன்று மொழியிலும் கணினியை வணக்கம் சொல்ல வைப்பார். "வணக்கம் சொன்னது போதும், வந்தவங்கள உக்காரச் சொல்லுங்க" என்று அக்கா ஒருநாள் இடித்துக் காட்டினாள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஜன்னலோரம் என் தையல் மெஷின், சுவரோரம் அவர் மேசை. நாற்காலியிலும் சம்மணம் போட்டுத்தான் உட்காருவார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வீடெல்லாம் தேடுவார். நான் சொல்ல மாட்டேன். பேண்ட் கால்களை மடித்து அடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவருடைய அண்ணனுக்கு டயர் கடை. கடையில் உட்கார நம்பகமான ஆள் வேண்டும், சனிக்கிழமைக்குள் பதில் சொல் என்றிருந்தார். அந்தச் சனிக்கிழமை காலை அத்தான் நோட்டை மூடினார். ஒரு மொழியின் எண் எட்டு மாதத்தில் மூன்று மடங்காகியிருந்தது. இனி அதுதான். அண்ணனுக்குப் போன் போட்டு, நான் வரவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மத்தியானம் காபி கொண்டுபோனேன். பூரிப்பில் என்னை நிறுத்தி எண்ணைக் காட்டினார். இரண்டு லட்சத்துச் சொச்சம். நான் எட்டாவதோடு நின்றவள். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால் படங்களைப் பார்த்தேன். எண்ணுக்குக் கீழே வரிசையாக முகங்கள், எல்லாம் தலைவாரி, பளிச்சென்று சிரித்துக்கொண்டு. வேலை கொடுக்கிறவர்கள் எதற்கு இப்படிச் சிரிக்க வேண்டும்? துணி தைத்துத் தரப்படும் என்று கடைத்தெருப் பலகையில் என் படத்தை ஒட்டியபோது நான்தான் இப்படிச் சிரித்திருந்தேன்.

"அத்தான்... இவங்கல்லாம் வேலை குடுக்கறவங்களா, கேக்கறவங்களா?"

"குடுக்கறவங்கதான்" என்றவர், அன்றுதான் முதல் முறையாகப் பக்கத்தைக் கீழே தள்ளினார். ஒரு முகம், அதன் அடியில் 'வேலைக்குத் தயார்'. அடுத்த முகம், அதற்கும் அதே வரி. தள்ளிக்கொண்டே போனார். முகங்கள் தீரவில்லை. அவருடைய காதுமடல் வெளுத்துப்போனது. எனக்குக் கையில் தம்ளர் சுட்டதுகூட உறைக்கவில்லை.

"அப்ப குடுக்கறவன் எங்கம்மா இருக்கான்?"

மேலே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றுதான் நீலமாக எரிந்தது. மங்கலாக இருந்த மற்றதைக் காட்டினேன். அழுத்தினார். வேலை கொடுக்கிறவர்களின் எண் வந்தது. நாற்பத்தொன்று.

அந்த நேரம் பார்த்து அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். "உங்க அண்ணன்தான். இன்னொரு ஆளு வந்து நிக்கிறானாம், கடைசியா ஒரு தடவை கேக்கறாரு. என்னங்க சொல்லட்டும்?"

அத்தான் திரும்பவில்லை. உளறிவிடப் போகும் குழந்தையின் வாயைப் பொத்துவதுபோல, அந்த நாற்பத்தொன்றின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.